மூணிலையும் ஜீவராணியின் கைகளும்

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பதினேழாம் நம்பர் மலையில் ஏறுகிறார் ஜீவராணி அக்கா. செங்குத்தான சரிவு. இரவுப் பனியில் புல் நனைந்து காலை வைத்தால் வழுக்குகிறது. நானெல்லாம் அங்கே நாலு காலில் ஏறாத குறைதான். அக்காவோ இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, தோட்டத்தையே விலை பேச வந்தவர் மாதிரி நடக்கிறார். பின்னால் அவருடைய பசு மெனிக்கே. அதற்குப் பின்னால் மெனிக்கேயின் கன்று.

"தொர வர்றாரு, தொர வர்றாரு! பெரட்டுக்கு எல்லாரும் நேரா நில்லுங்க!" கீழே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வாசலில் இருந்து வினோதா கத்துகிறாள். பக்கத்துக் காம்பராவில், அடுத்த வீட்டில் இருப்பவள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற அவசரத்திலும் இந்தக் கிண்டலைச் சொல்லாமல் போனால் அவளுக்கு அன்றைக்குக் கூடை நிறையாது.

"ஒனக்கு இன்னைக்கு அரைப் பேருதான்டி!" என்று திரும்பிப் பார்க்காமலே அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்டு மேலே போகிறார் அக்கா. கை மட்டும் அவிழவில்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். வட்டகொடை ஸ்டேஷனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் கட்டிய ஒரு கேன், முழங்கால் வரை பூட்ஸ். ஆண்கள் என்னை டாக்டர் என்பார்கள், அது பொய். பெண்கள் 'ஊசி ஐயா' என்பார்கள், அது உண்மை. பதினொரு வருடமாக இந்த மலைகளில் சுற்றுகிறேன். எத்தனையோ பேர் வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ஆனால் போன ஒன்றரை வருடத்தில் ஜீவராணி அக்காவிடம் நான் பட்ட பாட்டையும், சிரித்த சிரிப்பையும் எழுதாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

நாற்பத்தேழு வயது. இருபத்தெட்டு வருடக் கொழுந்து. ஆள் குள்ளம், குரல் மட்டும் இரண்டு மலைக்குக் கேட்கும். ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் தேயிலைக் கறையில் கறுத்து, எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாமல் கிடக்கின்றன. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டமாட்டார். ஏன் என்று பிறகு தெரியும். இடுப்பில் எப்போதும் ஒரு பழைய பவுடர் டப்பா செருகியிருக்கும். அதைத் திறந்து முகத்துக்குப் போட்டு நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் உள்ளே இருப்பது விதை.

மெனிக்கேயிடம் பேசுவதற்கு இரண்டு பாஷை வைத்திருக்கிறார். கொஞ்சுவதற்குத் தமிழ். திட்டுவதற்குச் சிங்களம். பால் கறக்கும்போது அது பக்கவாட்டில் நகர்ந்தால், பஸ் கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளுவதைப் போல "பஸ்ஸட்ட யன்ன! பஸ்ஸட்ட யன்ன!" என்று ஒரு அதட்டல். மெனிக்கேயும் மரியாதையாக இரண்டடி பின்னால் போகும். ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.

"தமிழ்ல திட்டுனா அதுக்கு மனசு நோவுதுங்க. ரெண்டு நாளைக்கு மொகத்த தூக்கி வச்சிக்கிது. சிங்களத்துல திட்டுனா ஏதோ ஆபீஸ்காரங்க சொல்றாங்கன்னு கேட்டுக்கிது."

மெனிக்கே என்ற பெயரும் சிங்களம்தான். கொழும்பு ரயில் கூவிக்கொண்டு வளைவில் திரும்பிய அதே நிமிடத்தில் பிறந்ததால் ரயிலின் பெயரையே வைத்துவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் அழகுமுத்து அண்ணன் ஃபேக்டரியில் வேலை. அவருக்கு மாட்டைவிட அக்காவிடம்தான் பயம் அதிகம். ஒரே மகள் கௌசி பேராதனையில் படிக்கிறாள். அவள் படிப்புக்கும் விடுதிக்கும் மெனிக்கேயின் மடிதான் பொறுப்பு.

இனி அந்த மலை. பதினேழாம் நம்பர் ஒரு காலத்தில் தேயிலையாக இருந்தது. கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள், மறுபடி நடுவதற்கு ஆள் போதாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு ஏக்கர் இருக்கும். முழுக்க மானாப்புல் ஏறிக்கொண்டது. மானாப்புல் கூரை வேய உதவும், கையை அறுக்க உதவும், மாடு தின்ன மட்டும் உதவாது. முற்றின மானாவை மோந்துவிட்டு மெனிக்கே அக்காவைத் திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, 'இத நீயே தின்னுக்க' என்று வாய்விட்டுச் சொன்ன மாதிரியே இருக்கும்.

ஆகவே லயத்தில் மாடு வைத்திருக்கும் ஆறு வீட்டுப் பெண்களும், நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு, ரயில் பாதைக்குக் கீழே ஆற்றோரத்துக்குப் புல்லறுக்கப் போவார்கள். போவது இறக்கம். தலையில் கட்டோடு வருவது ஏற்றம், முந்நூற்றுப் பன்னிரண்டு படி. "எண்ணிப் பாக்கலீங்க, அதுவா மனசுல ஏறிருச்சு" என்பார் அக்கா.

போன வருடம் தை மாதத்தில் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். சின்ன வயது, காலி ஊர்ப் பக்கம், தமிழ் நன்றாகவே பேசுவார். மலை மலையாக நடந்து பார்த்துவிட்டு, பதினேழாம் நம்பரில் டர்பன்டைன் மரம் நடப்போவதாகச் சொன்னார். ஃபேக்டரிக்கு விறகு வேண்டும். தவிர, மழைக்கு அந்த மலையின் மண் கரைந்து கீழே உள்ள வடிகால் கானை மூடிக்கொண்டிருந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் தின்னப் புல் இல்லாவிட்டாலும் பகலில் மாடுகளைக் கட்டிப்போட இருந்த இடம் அந்த மலை ஒன்றுதான். டர்பன்டைன் வந்தால் ஆறு வீட்டு மாட்டுக்கும் கால் வைக்க இடமில்லை. மெனிக்கேயை விற்றே ஆகவேண்டும்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லோரும் பார்த்திருக்க, அக்கா துரை முன்னால் போய் நின்றார்.

"ஒரு வருசம் குடுங்க தொர. மண்ணு ஒரு கூடை கரையாது. மாடு வயிறு நெறைய தின்னும். அப்புடி அந்த மலைய மாத்திக் காட்டுறேன். முடியலன்னா டர்பன்டைனுக்கு நானே வந்து குழி வெட்டுறேன்."

துரை யோசித்துவிட்டு, "சரி. அடுத்த வருசம் வைகாசி மழைக்கு முன்னால நானே வந்து பாப்பேன்" என்றார்.

அன்று பின்னேரம் அக்கா என் மோட்டார் சைக்கிளை மறித்தார். மறித்துக் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: "இப்ப சொல்லுங்க ஊசி ஐயா. அத எப்புடிங்க மாத்துறது?"

சபதம் முதலில், வழி அப்புறம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்னைக் கேட்டுட்டுத்தானே வாக்குக் குடுத்திருக்கணும்!" என்றேன். "ஒங்கள கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அது சரியான கணிப்புதான்.

வழி எனக்குத் தெரிந்திருந்தது, கையால் செய்து பார்த்ததில்லை. மானாவை அடியோடு வெட்டிச் சாய்க்க வேண்டும். தேயிலை நின்ற மண் புளித்துக் கிடக்கும், அதைத் தணிக்க டொலமைட் போட வேண்டும். பிறகு வேருக்குப் பொஸ்பேட். பிறகு புல்லோடு சேர்த்துக் குளோவர் விதை. குளோவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நுவரெலியாவில் புல்தரைகளில் மூன்று மூன்று இலையாகப் படர்ந்து, வெள்ளையாகக் குண்டுப் பூ பூக்கும். பயறு, அவரை சாதி. காற்றில் உள்ள சத்தைப் பிடித்து வேரில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் புல்லுக்கும் அதில் பங்கு கிடைக்கும். இதற்கு யூரியா வேண்டாம். போட்டால் புல் துள்ளி எழுந்து குளோவரை அமுக்கிவிடும்.

அக்கா வாயைத் திறந்தபடி கேட்டார். "காத்துலேருந்தா? ஒரமா? சும்மாவா?"

"சும்மாதான்."

"அப்ப இத்தன வருசமா இத எங்ககிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?"

பதினொரு வருடமாக அந்த லயத்தில் தேத்தண்ணி குடித்தவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது.

குளோவர் என்ற பெயர் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே 'மூணிலை' என்று பெயர் மாற்றிவிட்டார். இப்போது என் அலுவலகத்தில்கூட அப்படித்தான் சொல்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு வீடும் கத்தியோடு மலையேறியது. டொலமைட் அவர்களுக்குப் புதிதல்ல. கவ்வாத்து வெட்டிய மலையில் ஆண்டாண்டாக அதை அள்ளி வீசியவர்கள்தான். எங்கள் அலுவலகத்தில் ஒரு திட்டத்தின் கீழ் பொஸ்பேட்டும் விதையும் வாங்கிக் கொடுத்தேன். விதையோடு, மூணிலை ஏற்கனவே வளர்ந்த இடத்து மண்ணையும் கொஞ்சம் கலந்தால் வேர்முடிச்சு சீக்கிரம் பிடிக்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன்.

மறுநாளே அக்கா பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய்விட்டார். பாதையோரப் புல்தரையில் குந்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன கரண்டியால் மண்ணைத் தோண்டிச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பொலிஸ்காரர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். "மாட்டுக்கு மருந்து மாத்தயா" என்று சொல்லிவிட்டு அக்கா தோண்டியிருக்கிறார். அவரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அக்கா அந்தப் பொலிஸ்காரருக்கு இன்னும் கொஞ்சம் உயரம் கூட்டிவிடுகிறார்.

அந்த மண்ணையும் சோற்றுக் கஞ்சியையும் விதையில் பிசைந்து, டொலமைட் தூளில் புரட்டி, சொளகில் பரப்பி நிழலில் உலர்த்தினார். விதை ஒவ்வொன்றும் சீரகத்தில் பாதிகூட இல்லை. இதற்கிடையில் இன்னொரு வேலையும் நடந்தது, எனக்குத் தெரியாமல். ஒரு பிடி விதையைப் புண்ணாக்கில் கலந்து மெனிக்கேக்கு ஊட்டிவிட்டார்.

"சாணியோட வெளிய வந்து மொளைக்குமாங்க, கௌசி போன்ல படிச்சு சொன்னிச்சு. அது நடந்துக்கிட்டே வெதைக்கட்டும். எனக்கு முட்டி வலிக்குது."

நடந்துகொண்டே விதைக்கிற பசுவை அன்றுதான் பார்த்தேன்.

சித்திரை மழை விழுந்தது. பன்னிரண்டாம் நாள் மலை முழுக்கப் பச்சைப் புள்ளி. கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று இலை, மூன்று இலை, மூன்று இலை. எனக்கு வந்த சந்தோசத்தில் அழகுமுத்து அண்ணனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் மிரண்டுபோனார்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது ஒன்றும் இல்லை. புல் இருந்தது, மூணிலையைக் காணோம். மண்ணைக் கிளறினேன். நத்தையைச் சந்தேகித்தேன், விதையைச் சந்தேகித்தேன், மெனிக்கேயைச் சந்தேகித்தேன். அக்கா ஓரமாகக் குந்தியிருந்தார். "வித்துருவோமுங்க மெனிக்கேய. நல்ல எடமா பாத்துச் சொல்லுங்க" என்றார். குரல் இரண்டு மலைக்கு அல்ல, எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் வேலை விட்டு மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் அந்த மலை வழியாகக் குறுக்குப் பாதையில் இறங்கி வந்தார்கள். முன்னால் வினோதா. கூடை முதுகில், வாய் ஓயாமல் ஏதோ கல்யாணப் பேச்சு. பேசிக்கொண்டே குனிகிறாள். ஒரு பிடுங்கு. வேர் மண்ணை உதறுகிறாள், ஓரமாக எறிகிறாள், பேச்சு அறவில்லை. அடுத்தவளும் குனிகிறாள், பிடுங்குகிறாள், உதறுகிறாள், எறிகிறாள். ஒருத்தியும் கீழே பார்க்கவில்லை. தேயிலைக் காலடியில் அகல இலையாக எது முளைத்தாலும் பிடுங்கு என்று பத்து வருடம், இருபது வருடம் பழகிய கைகள். மிச்சமிருந்த நாலைந்து மூணிலையும் என் கண் முன்னாலேயே போயின.

"ஐயோ, விடுங்க! விடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் வினோதா கூடையோடு உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் புரிந்ததும் அக்கா எழுந்தாரே ஒரு எழும்பு! "அடியே, கண்ண என்னா கூடையிலயா வச்சிருக்கீங்க? நா நுவரெலியா மண்ண சொமந்து வந்து வெதைச்சா, ஒங்க பாட்டுக்குப் புடுங்கிப் புடுங்கி எறியிறீங்களே! நீங்க பொம்பளைங்களா, இல்ல..." என்று ஏசிக்கொண்டே நாலடி முன்னால் நடந்தார். நடந்தவர் குனிந்தார். பிடுங்கினார். உதறினார். எறிந்தார். ஏச்சு நிற்கவில்லை.

எல்லோரும் அந்தக் கையையே பார்த்தோம். கடைசியாக அக்காவும் பார்த்தார்.

"அட நாசமாப் போற கையே!" என்று இடது கையால் வலது கையில் பளாரென்று ஒரு அடி. முதலில் சிரித்தது வினோதாதான். பிறகு மற்றவர்களும். பிறகு அக்கா. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் உட்கார்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மலை போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலோடு. ஆனால் இப்போது நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. மருந்தையும் அக்காவே எழுதினார்: பதினேழாம் நம்பருக்குள் வரும் யாரானாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.

அதன் பிறகு ஒரு பின்னேரம் எதிர்ப்பக்கத்து ரோட்டில் நின்று பார்த்தேன். ஆறு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, முதுகில் கூடை, கூடைக்குக் கீழே கட்டிய கைகள், துரைமார் நடையில் மலையிறங்கி வந்தார்கள். ரோட்டில் நின்ற பஸ்ஸே எழுந்து எழுந்து பார்த்தது.

ஐப்பசி மழைக்கு இரண்டாவது விதைப்பு. இம்முறை பிடித்தது. பிடித்த பிறகுதான் அக்கா உண்மையில் யார் என்று எனக்குத் தெரிய வந்தது.

மாடுகளை எப்படி மேய விடுவது என்று ஒரு கடதாசியில் படம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஏற்கனவே கயிறும் குச்சியும் கட்டி மலையைப் பத்துக் கட்டமாகப் பிரித்திருந்தார்.

"கொழுந்து மாதிரிதானுங்க. ரவுண்டு வரணும். ரொம்ப முத்தவும் விடக்கூடாது, மொட்டையாவும் எடுக்கக்கூடாது. தேயிலைக்கு ஏழு நாள். இதுக்கு இருவது நாள் வச்சிருக்கேன். ஒரு கட்டத்துல ரெண்டு நாளு தின்னுட்டு அடுத்த கட்டம்." என் கடதாசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "படம் அழகா இருக்கு" என்று மடித்துக் கொடுத்தார். அந்தப் படத்தில் இருந்ததும் அதுதான். நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது.

காலையில் பனியோடு மாட்டை மூணிலைக்குள் விடமாட்டார். வயிறு ஊதிவிடும். முதலில் ஆளுக்கு ஒரு பிடி காய்ந்த புல். "பந்திக்கு வெறும் வயித்தோட வந்தா இப்புடித்தான் அள்ளிக்கட்டித் தின்னும்" என்று மெனிக்கேக்கு விளக்கம் வேறு. தொழுவத்துக் கழிவுத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து, புல் சோர்ந்த இடத்தில் மட்டும் ஊற்றுவார். சோர்வு நமக்குக் கண்ணில் தெரியாது, அவருக்குத் தெரியும்.

பிறகு அந்த நகம். கையைக் கட்டிக்கொண்டு நடப்பவர் மாதத்துக்கு ஒரு தரம் மட்டும், பார்த்து, யோசித்து, ஒரே ஒரு மூணிலையை வேரோடு எடுப்பார். வேரில் கடுகு கடுகாக முடிச்சு. கட்டைவிரல் நகத்தால் ஒன்றைக் கீறுவார். உள்ளே இளஞ்சிவப்பு.

"செவப்பு இருக்கு பாத்தீங்களா? ஃபேக்டரி ஓடுது!" என்று எனக்கு நீட்டுவார். முகத்தைப் பார்க்க வேண்டும், நகைக்கடையில் தோடு எடுத்துக் காட்டுகிறவர் தோற்றுப்போவார்.

கௌசி பேராதனையில் இருந்து வீடியோ கோல் எடுத்தால், போனில் அம்மா தெரியமாட்டார், மலைதான் தெரியும். "அம்மா, ஒங்க மூஞ்சிய காட்டுங்கம்மா" என்று அவள் கெஞ்சுவாள். "என் மூஞ்சி அப்புடியேதான்டி இருக்கு. இங்க பாரு, இது நேத்து இல்லாத பூவு." மாசி மாதத்தில் மெனிக்கே காலைப் பாலில் இரண்டு போத்தல் கூட்டிக் கொடுத்தது. அன்றைக்கு லயத்தில் எல்லா வீட்டுக்கும் பால் தேத்தண்ணி போனது. எனக்கு இரண்டு கோப்பை.

அழகுமுத்து அண்ணன் கதை ஒன்று பாக்கி. யூரியா இல்லாமல் ஒன்று வளரும் என்பதை அவர் மனசு ஏற்கவே இல்லை. "ஒரம்னா யூரியாதானே ஐயா. இது என்னா, சோறு போடாம பந்தி வைக்கிற மாதிரி இருக்கே" என்று என்னிடம் தனியாகப் புலம்பினார். துரை வரும் நாள் நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் அக்கா கொழுந்துக்குப் போன நேரம் பார்த்து, மலையின் கீழ்மூலையில் இரண்டு பை யூரியாவை வீசிவிட்டார். நாலைந்து வாரத்தில் அந்த மூலை மட்டும் முழங்காலுக்கு மேல் கரும்பச்சையாக எழும்பி நின்றது. அக்கா போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தார். அடியில் மூணிலை வெளுத்துச் சுருண்டு கிடந்தது.

ஏசுவார் என்று நினைத்தேன். "எனக்காகத்தானே போட்டாரு" என்றார், அவ்வளவுதான். ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இடத்தைத் தவறாமல் காட்டுவார்: "இது எங்க வீட்டுக்காரரு மூலை."

இந்த வருடம் வைகாசி பிறந்து இரண்டாம் நாள் துரை வந்தார். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லயத்து வாசலில் ஆறு வீடும் நின்றது. உண்மையான துரை வந்த அன்றைக்கு வினோதா வாயே திறக்கவில்லை. அழகுமுத்து அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டில் பெண்ணைக் கொடுக்கிறவர் மாதிரி நின்றார். அக்கா கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

துரையின் கண் முதலில் போனது கீழ்மூலைக்கு. "ஆ, இது ஷோக்! ரொம்ப லஸ்ஸனய், அழகா இருக்கு!" என்றார்.

"அது எங்க வீட்டுக்காரரு செஞ்ச தப்புங்க தொர" என்றார் அக்கா. அழகுமுத்து அண்ணன் வானத்தில் மழை வருகிறதா என்று பார்த்தார்.

துரை கானுக்குள் இறங்கினார். போன வருடம் மண் மூடிக் கிடந்த கான். பூட்ஸ் காலால் அடியைத் தேய்த்துப் பார்த்தார். கல் தெரிந்தது. முந்தின இரவு நல்ல மழை, ஆனாலும் ஓடி வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஏறி மலைக்குள் வந்தார்.

நடு மலையில் மூணிலை பாய் விரித்த மாதிரி கிடந்தது. வெள்ளைப் பூவெல்லாம் தேனீ. மேல் கட்டத்தில் மெனிக்கே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெரிய விஷயமில்லை என்று மறுபடி தின்னத் தொடங்கியது.

"டர்பன்டைன் கன்று எத்தனை இருக்கு?" என்று துரை கண்டாக்கையாவிடம் கேட்டார்.

"நாத்துத் தவறணையில ரெண்டாயிரம் ரெடியா இருக்குங்க தொர. மழ தொடங்கினதும் இங்கேயே நட்டுறலாம்."

அக்கா அசையவில்லை. துரை யோசனையோடு நாலடி நடந்தார். நடந்தவர் குனிந்தார். கண் தூரத்தில், எண்ணம் டர்பன்டைனில். அவரும் தேயிலைக்காரர்தானே, சின்னத் துரையாகச் சேர்ந்த நாளில் இருந்து மலையில் நடக்கும்போதே களை பிடுங்கிப் பழகியவர். அவர் கையும் கீழே போனது. ஒரு மூணிலையைப் பற்றியது. இழுத்தது.

பளார்!

"புடுங்காதீங்க!"

ஒரு வருடம் கட்டி வைத்திருந்த கை. எப்போது அவிழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது. துரையின் மணிக்கட்டில் விழுந்த அடியின் சத்தம் கீழே லயம் வரைக்கும் கேட்டதாக வினோதா பிறகு சத்தியம் செய்தாள். கண்டாக்கையாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அழகுமுத்து அண்ணன் என் தோளைப் பிடித்தார். மெனிக்கேகூட மெல்லுவதை நிறுத்தியது.

"ஐயோ தொர... இந்தக் கை... நா வேணும்னு..." இரண்டு மலைக்குக் கேட்கும் குரல் பாதியில் நின்றுவிட்டது.

துரை தன் கையைப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு மூணிலை, வேரோடு. வேரில் கடுகு கடுகாக முடிச்சு. வேரில் இருந்த மண்ணை உதறப்போன விரல்கள் பாதியில் நின்றிருந்தன. அக்காவின் கையைப் பார்த்தார், மறுபடி தன் கையைப் பார்த்தார். மெல்ல அவர் காது வரைக்கும் சிவந்தது.

அப்படியே குந்தினார். பிடுங்கிய இடத்திலேயே செடியை வைத்து, கட்டைவிரலால் சுற்றி மண்ணை அழுத்தினார். குந்தியபடியே கண்டாக்கையாவைப் பார்த்து, "கன்று எல்லாம் ஒன்பதாம் நம்பர் ஆத்துப் பக்கத்துக்கு அனுப்புங்க. இங்க வேணாம்" என்றார்.

கீழே யாரோ விசில் அடித்தார்கள். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் இரண்டும் நிறைந்து வழிந்தது, தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கேட்டால் எனக்கும் தெரியாது, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

துரை எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "ஹரி, சரி ஜீவராணி. முன்னால போங்க. மேல் பக்கமும் காட்டுங்க."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு முன்னால் நடந்தார். துரை ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் ஏறத் தொடங்கினார்.